கேள்வி – பதில்: பேருந்து நிலையத்தில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டு வரலாமா?

(இம்முறை கேள்விகள் அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியவை. படித்து முடித்த புத்தகத்தை, முன்பின் அறியாத ஒருவர் எடுத்துப் படிக்கட்டும் என்று பொது இடத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வரும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை இவை.)

இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் யார்? இதற்கென்று ஏதேனும் முறை உண்டா?
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

படித்த புத்தகத்தை ரயில் இருக்கையிலேயே அடுத்தவருக்கென விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள். அதற்கு ஒரு தொடக்க ஆண்டைக் குறிக்க இயலாது. அதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர் என்று கேட்டால், ரான் ஹார்ன்பேக்கர் என்னும் அமெரிக்கரைச் சொல்லலாம். டாலர் நோட்டின் வரிசை எண்ணைப் பதிவு செய்து, அந்த நோட்டு எந்தெந்த ஊர்களுக்குக் கைமாறிப் போகிறது என்று பின்தொடரும் இணையதளம் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. நோட்டுக்குச் செய்வதைப் புத்தகத்துக்குச் செய்தால் என்ன என்று எண்ணி, அவர் 2001 ஏப்ரலில் தொடங்கியதுதான் புக்கிராசிங்.

முறை எளியது. உங்கள் புத்தகத்தை அந்தத் தளத்தில் பதிவு செய்தால் அதற்கென்று ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணையும், இது எடுத்துச் செல்வதற்காகவே வைக்கப்பட்டது என்னும் குறிப்பையும் அட்டையின் உட்புறம் ஒட்டிவிட்டு, புத்தகத்தை ஏதேனும் ஒரு பொது இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கண்டெடுத்தவர் அந்த எண்ணைத் தளத்தில் இட்டால், தமக்கு முன்னால் அதைப் படித்தவர்கள் எங்கே, எப்போது படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதையெல்லாம் பார்க்கலாம்; தாமும் நான்கு வரி எழுதிவிட்டு, படித்து முடித்ததும் வேறோர் இடத்தில் வைத்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு சுருக்க அகராதியில் 2004-இல் புக்கிராசிங் என்னும் சொல் இடம்பெறும் அளவுக்கு வழக்கம் பரவிவிட்டது.

அந்தத் தளத்தில் சேராமலும் இதைச் செய்யலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எண்ணும் பதிவும் புத்தகம் எங்கே போயிற்று என்று அறிய விரும்புகிறவர்களுக்குத்தான். ஒட்டும் சீட்டு மட்டும் எல்லோருக்கும் இன்றியமையாதது; அதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஐயா, வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நம் ஊரில் இப்படி வைத்தால், அன்று மாலையே பழைய பேப்பர் கடையின் தராசில் அல்லவா இருக்கும்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேலம்

சில புத்தகங்கள் அங்கே போகத்தான் செய்யும். ஆனால் தாங்கள் அஞ்சுகிற அளவுக்கு இராது என்பது என் கருத்து. இருநூறு பக்க நாவல் ஒன்றை எடைக்குப் போட்டால் ஒரு தேநீர்க் காசுகூடத் தேறாது. அதற்காக ஒருவர் மெனக்கெட்டுத் தூக்கிச் செல்ல மாட்டார். கட்டுக் கட்டாக வைத்தால் கதை வேறு. ஆகையால் ஓரிடத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

உண்மையான இடைஞ்சல் இதற்கு நேர் எதிரானது. புத்தகத்தை யாருமே தொட மாட்டார்கள். பேருந்து நிலைய இருக்கையில் ஒரு புத்தகம் கிடந்தால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம், தேடிக்கொண்டு வருவார்கள் என்றுதான் நம் மக்கள் நினைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதற்குக் காவல் இருப்பார். அவருடைய பேருந்து வந்துவிட்டால் எதிரே இருக்கும் பெட்டிக்கடையில், "யாராவது கேட்டு வந்தால் குடுத்துடுங்க தம்பி" என்று ஒப்படைத்துவிட்டு ஏறுவார். கடைக்காரர் அதைப் பத்திரமாக மேல்தட்டில் எடுத்து வைப்பார். அது அங்கேயே இருக்கும். பேருந்துக்குள் விட்டால் நடத்துநர் எடுத்துப் பணிமனையில் சேர்த்துவிடுவார். திருட்டைவிட இந்த நேர்மைதான் நம் வேலையைக் கெடுக்கிறது.

எனவே, இது தொலைந்த பொருள் அன்று என்பதைப் புத்தகமே சொல்ல வேண்டும். அதுவும் உள்ளே அன்று, முன்னட்டையின் மேலேயே சொல்ல வேண்டும். பிறர் பொருள் என்று நினைப்பவர் அதைத் திறந்து பார்க்கவே மாட்டார். "இது யாரும் தவறவிட்ட புத்தகம் அன்று. உங்களுக்காகவே வைத்தது. எடுத்துச் செல்லுங்கள், படித்து முடித்ததும் இன்னொருவருக்குக் கிடைக்கும்படி வைத்துவிடுங்கள்" என்று நாலு விரல் அகலச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் போதும். விலை இல்லை என்பதையும் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கேட்பார்களோ என்று தயங்குகிறவர்களும் உண்டு. தரையில் மட்டும் வைக்காதீர்கள். புத்தகம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் இது. தரையில் கிடப்பதைக் கண்டால் எவரேனும் எடுத்து எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுப் போவார்.

இன்னொன்று. அறிமுகமில்லாதவர்கள் ஒரே தாளைப் பகிர்ந்து படிப்பது நமக்குப் புதியதன்று. தேநீர்க் கடையில் ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து பத்துப் பேர் கைக்குப் போவதையும், முடிதிருத்தும் கடையில் முறைக்குக் காத்திருப்பவர்கள் வார இதழ்களைப் புரட்டுவதையும், திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் தெருவுக்குத் தெரு படிப்பகங்கள் நடத்தியதையும் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். தூத்துக்குடியில் தம் முடிதிருத்தும் நிலையத்திலேயே நூலகம் அமைத்திருக்கும் பொன். மாரியப்பனை, 2020 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் அழைத்துப் பேசியதைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆளில்லாத இருக்கையைவிட இப்படி ஒரு கடைக்காரரின் கண்பார்வையில் இருக்கும் பலகைதான் நம் ஊருக்கு ஏற்றது என்று நான் நினைக்கிறேன். புக்கிராசிங்கிலும் உணவகம், தேநீரகம் போன்றவற்றில் இதற்கென நிலையான அலமாரி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு.

ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகத்தை வைத்துவிட்டு வந்தால் காவல்துறை பிடிக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பையிலோ பெட்டியிலோ போட்டு மூடி வைத்தால் வீண் கலவரம்தான். மூடாத ஒற்றைப் புத்தகம், மேலே சீட்டோடு இருந்தால் அச்சம் குறைவு. ஆயினும் நிலையங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் அறிவுரை. வைக்கத்தான் வேண்டும் என்றால் நிலைய மேலாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வையுங்கள்.

உலகில் இவ்வழக்கம் பெரும்புகழ் பெற்றது என்னவோ ரயில்களில்தான். லண்டன் சுரங்க ரயிலில் புத்தகம் வைக்கும் குழு ஒன்று 2012-இல் தொடங்கியது. 2016 நவம்பரில் நடிகை எம்மா வாட்சன் அக்குழுவோடு சேர்ந்து, கைப்பட எழுதிய குறிப்புகளோடு 100 பிரதிகளை அந்நகர நிலையங்களில் வைத்தார். அடுத்த ஆண்டே தில்லி மெட்ரோவில் ஓர் இளந்தம்பதியர் இதே வேலையைத் தொடங்கினார்கள். நடிகை வைத்ததால் செய்தியாயிற்று. நீங்களும் நானும் வைத்தால் செய்தியாகாது, அதனால் கூட்டமும் சேராது. அது நல்லதுதான்.

புத்தகத்தில் என் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதலாமா? எடுத்தவர் யார் என்று அறிய ஆசையாக இருக்கிறது.
– இல்லத்தரசி, திருநெல்வேலி

வேண்டாம் அம்மா. ஆசை நியாயமானது, வழி சரியில்லை. கைப்பேசி எண்ணை எழுதி வைத்தால் புத்தகத்தைப் படித்தவரும் அழைப்பார், படிக்காதவரும் அழைப்பார், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனவரும் அழைப்பார். புக்கிராசிங்கில் பெயருக்கும் முகவரிக்கும் பதிலாக எண் ஒன்றைக் கொடுத்திருப்பதில் இந்த வசதி இருக்கிறது: வைத்தவரும் எடுத்தவரும் புனைபெயரிலேயே பேசிக்கொள்ளலாம். அது வேண்டாம் என்றால், இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதை எழுதுங்கள்.

இணையமே தேவையில்லாத வழியும் ஒன்று உண்டு. கடைசி வெற்றுப் பக்கத்தில் கோடு கிழித்து, "எங்கே எடுத்தீர்கள்? எந்த மாதம்?" என்று இரண்டு கட்டங்கள் போட்டு, முதல் வரியை நீங்களே நிரப்பிவிடுங்கள். முதல் வரி நிரம்பியிருந்தால் அடுத்தவருக்குக் கை தானாக வரும். என்றாவது அந்தப் புத்தகம் உங்கள் கைக்குத் திரும்பினால்தான் அந்தப் பட்டியலை நீங்கள் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதை எடுக்கும் ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். புத்தகத்தை இடையிலேயே எவரேனும் நிறுத்திவைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு அனுப்பத் தூண்டுவதும் அந்தப் பட்டியல்தான்.

நாங்கள் முந்நூறு பிரதி அச்சிட்டுவிட்டு, அதை விற்க இரண்டு ஆண்டு காத்திருக்கிறோம். ஒரே பிரதியை இருபது பேர் இலவசமாகப் படிக்கச் சொல்லிப் பத்திரிகையில் எழுதுகிறீர்களே, இது எழுத்தாளர் வயிற்றிலும் பதிப்பாளர் வயிற்றிலும் அடிப்பது ஆகாதா?
– சிறு பதிப்பாளர், சென்னை

தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, புதியதும் அன்று. 2005-இல் பிரிட்டனில் பதிப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர், பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர வழிசெய்து இசைத்தட்டு விற்பனையைக் கலங்கடித்த நாப்ஸ்டரோடு இவ்வழக்கத்தை ஒப்பிட்டு எச்சரித்தார். ஒப்பீடு பொருந்தவில்லை என்பது என் எண்ணம். நாப்ஸ்டரில் ஒரு பாட்டு ஆயிரம் பாட்டாகப் பெருகியது. கொடுத்தவரிடமும் அது இருந்தது. இங்கே புத்தகம் பெருகுவதில்லை. வைத்தவர் கையில் அது இல்லாமல் போகிறது. மீண்டும் படிக்க விரும்பினால் அவர் தங்களிடம்தான் வர வேண்டும்.

சட்டமும் இதைப் பிரித்தே பார்க்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமை உடையவருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளுக்கு அந்த உரிமை பொருந்தாது என்றும், ஒருமுறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய புத்தகக் கடைகள் நடப்பதும் இதனால்தான், நாம் நண்பருக்குப் புத்தகம் கொடுப்பதும் இதனால்தான். அதே புத்தகத்தை முழுதாக ஒளிநகல் எடுத்து விநியோகித்தாலோ, படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகப் போட்டாலோ அது குற்றம். தங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குழுக்கள். பூங்காவில் ஒரு பிரதியை வைத்துவிட்டு வரும் வாசகர் காசு கொடுத்து வாங்கியவர்.

தாங்களே இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன். லண்டன் குழுவுக்குப் பதிப்பகங்களே பிரதிகள் கொடுக்கின்றன. கிடங்கில் இருக்கும் நூல்களில் சிலவற்றை, தங்கள் பதிப்பகத்தின் பிற நூல்களின் பட்டியலோடு, ஊருக்கு ஒன்றாக வைத்துப் பாருங்கள். தங்கள் நூல் ஒன்றைக்கூடப் பார்த்தறியாத ஒருவரை எட்ட அதைவிட மலிவான விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தை இப்படி வைக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

கூடாது. அது உங்களுடையதன்று. நண்பரிடம் இரவல் வாங்கியதற்கும் இதே பதில்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் நூலக முத்திரை இருந்தால், நீக்கப்பட்டது என்ற முத்திரையும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கண்டெடுப்பவரும் அதைத்தான் செய்ய நினைப்பார்.

எந்தப் புத்தகங்களை வைக்கலாம்? வீட்டில் பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன.
– வாசகர், ஈரோடு

அவற்றைத் தயவுசெய்து வைக்காதீர்கள். எடுப்பதற்கு ஆள் உண்டு; சிக்கலே அங்கேதான். அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் ஓர் ஏழைப் பிள்ளை அதை ஆவலோடு எடுத்துப் போய், பாடத்திட்டம் மாறியது தெரியாமல் இரண்டு மாதம் மனப்பாடம் செய்யும். காலங்கடந்த மருத்துவக் குறிப்பு நூல்கள், பழைய வரிச் சட்ட விளக்கங்கள் ஆகியவையும் அப்படியே. இவற்றுக்குத்தான் பழைய பேப்பர் கடை இருக்கிறது.

வீட்டை ஒழிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஐந்து பாக நாவலின் மூன்றாம் பாகம், முதல் பதினாறு பக்கம் கழன்றுபோன சிறுகதைத் தொகுப்பு, திருமணத்தில் தாம்பூலத்தோடு வந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் நூல் ஆகியவற்றைக் கொண்டுபோய் வைத்தால், எடுத்தவர் இரண்டாம் முறை எந்தப் புத்தகத்தையும் எடுக்க மாட்டார். உங்களுக்குப் பிடித்து, இன்னொரு பிரதி வாங்கவும் நீங்கள் தயங்காத நூலை வையுங்கள். காத்திருக்கும் இடங்களுக்குச் சிறுகதைகளும் பயணக் கட்டுரைகளும் நன்கு பொருந்தும்; எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் படிக்கலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் மலிவுப் பதிப்பாகக் கிடைப்பதால், செலவும் கையைக் கடிக்காது.

இடத்தையும் பார்த்து வையுங்கள். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல நேரம் போகாமல் தவிப்பவர்கள் வேறெங்கும் இல்லை. வார்டுக்குள் வேண்டாம், வெளியே தேநீர்க் கடையில் வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையும் நல்ல இடம். உங்கள் பகுதியில் வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுதி. இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு கதைப் புத்தகம் வாங்கி வைக்க உங்களுக்கு மனமிருந்தால், அதற்கு என் தனிப்பட்ட வணக்கம்.

எங்கள் ஊரில் முன்பு பல இடங்களைப் புத்தகம் விடும் இடங்களாக அறிவித்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– தமிழ் வாசகி, சிங்கப்பூர்

உண்மைதான். 2007-இல் சிங்கப்பூர் தேசிய நூலகம் முன்னின்று ஏறத்தாழ 2,000 இடங்களை இதற்கென ஒதுக்கியது. புக்கிராசிங்கை நாடளவில் ஏற்ற முதல் நாடு என்ற பெயரும் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. நூலகமே இதைச் செய்தது எனக்கு வியப்பளிக்கவில்லை; நூலகத்துக்கு வராதவரைத் தேடிப் போவதும் நூலகத்தின் வேலைதானே. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் உங்கள் ஊரில், லிட்டில் இந்தியாவின் உணவகம் ஒன்றில் கேட்டு ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பை வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடும் தமிழகத் தொழிலாளர்களின் கைக்கு அது எளிதில் போய்ச் சேரும்.

கண்ட இடத்தில் வைப்பதைவிட, வீட்டு வாசலில் ஒரு பெட்டி அடித்து வைப்பது மேல் அல்லவா?
– தச்சுத் தொழிலாளி, மன்னார்குடி

பெட்டி அடிக்கத் தெரிந்தவர் கேட்கும்போது மேல் என்றுதான் சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்னும் ஊரில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தம் தாயின் நினைவாக, பழைய கதவுப் பலகையில் பள்ளிக்கூட வடிவில் ஒரு சிறு பெட்டி செய்து வாசலில் நட்டார். ஒன்றை எடுங்கள், ஒன்றை வையுங்கள் என்பது ஏற்பாடு. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்துக் கட்டிய 2,509 நூலகங்களை இத்தகைய பெட்டிகள் எண்ணிக்கையில் மிஞ்ச வேண்டும் என்று டாட் போலும் நண்பரும் வைத்துக்கொண்ட இலக்கு 2012-இலேயே நிறைவேறிவிட்டது. இங்கிலாந்தில் பயன்படாமல் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளையே சில ஊர்கள் இப்படி மாற்றிக்கொண்டன.

ஆனால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அமெரிக்காவைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1931 அக்டோபரில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோன நடமாடும் நூலகத்தைத் தொடங்கியவர் மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றுள் மூன்றாவது. பெட்டி அடிக்கும்போது கூரையைச் சரிவாக வையுங்கள், முன்பக்கம் கண்ணாடி போடுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள், கால் மரமாக இருந்தால் கரையானுக்கு மருந்து அடியுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆறேழு புத்தகங்களைச் சீட்டு ஒட்டி, மின்னஞ்சல் முகவரியும் எழுதி வைத்துவிட்டேன். ஒரு பதிலும் இல்லை. என்ன தவறு செய்தேன்?
– வங்கி ஊழியர், மதுரை

ஒன்றும் இல்லை. புக்கிராசிங்கிலேயே வெளியில் விடப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றித் தகவல் வருவதில்லை. கண்டெடுத்தவர் சோம்பேறியாக இருக்கலாம், மின்னஞ்சல் எழுதிப் பழகாதவராக இருக்கலாம், புத்தகத்தை மகளுக்குக் கொடுத்திருக்கலாம். பதிலை எதிர்பார்த்து இதைச் செய்தால் மூன்றாம் மாதம் விட்டுவிடுவீர்கள். சுவடு தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஒரு வேலை செய்யுங்கள்: நீங்கள் அன்றாடம் தேநீர் குடிக்கும் கடையிலேயே ஒன்றை வைத்துவிட்டு, கடைக்காரரிடம் கேளுங்கள். மின்னஞ்சலைவிட அவர் விவரமாகச் சொல்வார்.

மழைக்காலத்தில் எப்படி வைப்பது? சீட்டை எதனால் ஒட்டுவது?
– வாசகி, நாகப்பட்டினம்

உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்தவெளியில் வைக்கவே வேண்டாம். அழுத்தி மூடும் நெகிழிப் பையில் போட்டு வைப்பதை மேலை நாடுகளில் பரவலாகச் செய்கிறார்கள். நம் வெயிலில் அந்தப் பைக்குள் வியர்த்து, தாள் ஒட்டிக்கொள்ளும். மைதாப் பசை இராமபாணப் பூச்சியையும் கரப்பானையும் கூப்பிடும். செல்லோடேப் ஓராண்டில் பழுத்து உரிந்துவிடும். கடையில் கிடைக்கும் வெள்ளை ஒட்டுப்பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, ஓர் இரவு கனமான எதையாவது மேலே வைத்துவிடுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை ஒரு துளி ஈரம் பட்டாலும் கரைந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவே போதும்.

(இப்பொருளில் இன்னும் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இவற்றையே வேறு சொற்களில் கேட்கின்றன. அடுத்த இதழில் வழக்கம்போல் பலபொருள் கேள்விகள்.)